மண்ணின் தந்தை பிர்சா முண்டா

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் முண்டா கிளர்ச்சி என்றொரு சிறு பகுதி உண்டு. தேர்வில் வரக்கூடியது என்று நாங்கள் எல்லோரும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறோம். 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் முண்டா மக்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்து, வேதபோதகர்கள் மீதும் கிறிஸ்தவரான முண்டாக்கள் மீதும் அம்பெய்தார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. அவ்வரியை வகுப்பில் உரக்கப் படித்த தோழி சற்றே தயங்கி நின்றாள். நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். ஆண்டுதோறும் குடில் ஜோடித்து, நடுநிசிப் பூசைக்குப் பாட்டுப் பழகுகிறவர்கள் நாம். அதே இரவில் கோவிலை நோக்கி அம்பெய்தவர்களின் தலைவரைத் தேசத் தலைவர் என்று படிப்பது எப்படியோ இருந்தது. அவரும் ஒரு மிஷன் பள்ளி மாணவர்தாம் என்று பின்னர் தெரிந்ததும் எங்கள் வியப்பு இரு மடங்காயிற்று. ஏன் அப்படி நடந்தது என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பிர்சாவின் கதை அவர் பிறந்த மண்ணின் கதையுமாகும். எனவே முதலில் அந்த மண்ணைப் பார்த்து விடுவோம். இன்று ஜார்க்கண்ட் மாநிலம் என்று வழங்கும் பகுதியில், ஏறத்தாழ 2000 அடி உயரத்தில் பரந்து கிடக்கிறது சோட்டா நாகபுரி பீடபூமி. குன்றுகளும், சால மரக் காடுகளும், இலுப்பை இனத்தைச் சேர்ந்த மகுவா மரங்களும், அவற்றிடையே படிப்படியாக இறங்கும் நெல் வயல்களும் நிறைந்த நாடு அது. முண்டா, ஒராவோன், ஹோ, காரியா எனப் பல பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி நம் தமிழின் உறவு மொழி என்பது பலருக்குத் தெரியாது. நான் என்பதற்கு அவர்கள் ஏன் என்பார்கள். நீ என்பதற்கு நீன் என்பார்கள். முண்டாக்களின் மொழியோ வேறொரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நிலத்தைப் பற்றிய முண்டாக்களின் எண்ணம் நம்முடையதிலிருந்து முற்றிலும் வேறானது. நம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மனை தம்முடையது என்று காட்ட வேண்டுமானால் பெட்டியைத் திறந்து பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துக் காட்டுவார்கள். முண்டாக்களிடம் பத்திரம் இல்லை. காட்டைத் திருத்தி முதன்முதலில் ஊர் அமைத்தவர் யாரோ, அவருடைய வழிவந்த குடும்பங்கள் அனைத்திற்கும் அவ்வூர் நிலமும் காடும் நீரும் பொதுவாகச் சொந்தம். இம்முறைக்குக் குந்த்கட்டி என்று பெயர். ஊருக்கு ஒரு தலைவர் உண்டு. அவரை முண்டா என்றே அழைப்பர். பல ஊர்கள் சேர்ந்த தொகுதிக்கு மான்கி என்பவர் தலைவர். இறந்தோரின் எலும்புகளைப் புதைத்து மேலே பெரிய கற்பலகையை வைப்பது அவர்கள் வழக்கம். அந்த இடம் சசான் எனப்படும். அந்தக் கற்களே அவர்களுடைய பட்டா. எங்கள் பாட்டனார் இங்கே உறங்குகிறார், ஆகவே இந்த மண் எங்களுடையது என்பதே அதன் பொருள். 1880களில் தங்கள் உரிமையை நிலைநாட்டுவதற்காக முண்டாக்கள் சிலர் அந்தக் கல்லைக் கல்கத்தா வரைக்கும் சுமந்து சென்றனர் என்று இன்றும் சொல்கிறார்கள். கல்லைப் பத்திரமாக ஏற்கும் கச்சேரி எங்கே இருக்கிறது?

நாட்டை ஆண்ட ராஜாக்கள் தம் அரண்மனைக்கு வந்த வெளியூரார்க்கு ஊர்களை இனாமாகக் கொடுக்கத் தொடங்கினர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் இவர்களே ஜமீன்தார்கள் ஆனார்கள். ஒப்பந்தக்காரரும் வட்டிக்கடைக்காரரும் பின்னாலேயே வந்தனர். இவர்கள் எல்லோரையும் முண்டாக்கள் திக்குகள், அதாவது அந்நியர், என்று அழைத்தனர். நிலத்துக்குச் சொந்தக்காரர் குத்தகைக்காரர் ஆனார். குத்தகைக்காரர் கூலி இல்லாமல் ஜமீன்தாரின் வயலை உழுதார். இந்தக் கட்டாய வேலைக்கு பேட் பேகாரி என்று பெயர். 1831-32இல் கோல் கிளர்ச்சி என்ற பெருங்கிளர்ச்சி மூண்டு அடங்கியது. பிறகு சர்தார்கள் எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் வில்லை வைத்துவிட்டு மனு எழுதத் தொடங்கினர். ராஞ்சிக்கும் கல்கத்தாவுக்கும் மனுக்கள் போய்க் கொண்டே இருந்தன. ஏழை மக்கள் காசு சேர்த்து வக்கீல்களுக்குக் கொடுத்தனர். அப்படி ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழிந்தன.

மிஷன்கள் வந்ததும் இக்காலத்திலேதான். ஜெர்மானிய லூத்தரன் போதகர்கள் நால்வர் 1845இல் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். பின்னர் ஆங்கிலிக்கன் சபையாரும், பெல்ஜியம் நாட்டுச் சேசு சபைக் குருக்களும் வந்தனர். இவர்களுள் அருட்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்பவரைப் பற்றி நாம் அவசியம் அறிய வேண்டும். 1885இல் அங்கு போன அவர், மக்களின் துயரத்திற்கு நிலமே வேர் என்று கண்டுகொண்டார். நிலச் சட்டங்களைக் கற்று, பழங்குடியினரின் வழக்குகளுக்கு நீதிமன்றத்தில் துணை நின்றார். மக்கள் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றனர். குதிரை மேல் ஊர் ஊராகச் சென்று உழைத்த அவரைக் காசநோய் பற்றியது. 1893இல், தமது 37ஆம் வயதில், தாய்நாட்டில் உயிர் நீத்தார். அத்தனை பேரும் விசுவாசத்திற்காக மட்டும் சபையில் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. நிலம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. அது கிடைக்காதபோது பலருடைய மனம் கசந்து போனதில் ஆச்சரியமில்லை.

இத்தகைய நாட்டில்தான் 15-11-1875 அன்று உலிஹாத்து என்னும் சிற்றூரில் பிர்சா பிறந்தார். தந்தை பெயர் சுகனா முண்டா, தாய் கர்மி. மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்ட குடிசை. வயிற்றுப் பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராக இடம் பெயர்ந்தது. சிறுவன் பிர்சா சால்காட், ஆயுபாத்து முதலிய ஊர்களில் உறவினர் வீடுகளில் வளர்ந்தான். ஆடு மேய்ப்பது வேலை. இடுப்பில் புல்லாங்குழல் எப்போதும் இருக்கும். சுரைக்குடுக்கையில் செய்த துயிலா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியமும் வாசிப்பான். சிற்றன்னை வீட்டில் இருந்தபோது தன்னை மறந்த நிலையில் ஆடுகளைக் கவனியாது விட, அவை அயலார் பயிரை மேய்ந்து விட்டனவாம். அதற்கு நல்ல அடி கிடைத்ததாகவும், அவன் ஊரை விட்டே போய்விட்டதாகவும் கூறுவர்.

சால்கா என்ற ஊரில் ஒரு சிறு பள்ளியில் எழுதப் படிக்கத் தொடங்கினான். கூர்மையான பிள்ளை என்று கண்ட ஆசிரியர் அவனை ஜெர்மன் மிஷன் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே சேர்வதற்குக் கிறிஸ்தவராக வேண்டும். பிர்சா, பிர்சா டேவிட் ஆனான். 1886 முதல் 1890 வரை சாய்பாசா நகரில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தான். பதினோரு வயதிலிருந்து பதினைந்து வயது வரை என்று கணக்கிட்டுப் பார்த்தோம். நாமும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்திருக்கும் வயதுதான் அது.

அப்பள்ளியில் இருந்தபோதுதான் முதல் பிளவு ஏற்பட்டது. சர்தார்களுக்கும் மிஷனுக்கும் அப்போது மனஸ்தாபம் முற்றியிருந்தது. போதகர் ஒருவர் சர்தார்களை ஏமாற்றுக்காரர் என்று பழித்துப் பேசவே, பிர்சா எழுந்து எதிர்த்துப் பேசினான் என்றும், அதனால் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டான் என்றும் சொல்கிறார்கள். 1890இல் அவன் சாய்பாசாவை விட்டதும், குடும்பத்தோடு மிஷனை விட்டு விலகியதும் உறுதி. தன் ஊர்ப் பெரியவர்களை ஆசிரியர் இழிவாகப் பேசக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பது எளிதா என்ன?

அதன்பின் பண்ட்காவ் என்ற ஊரில் ஆனந்த பாண்டே என்ற வைணவரிடம் சில காலம் இருந்தார். பூணூல் அணிந்தார், புலால் நீக்கினார், துளசியை வணங்கினார். அந்தச் சமயத்தில் அரசு, ஊர்களைச் சுற்றியிருந்த தரிசுகளையும் காடுகளையும் பாதுகாக்கப்பட்ட காடுகள் என்று அறிவித்தது. விறகு பொறுக்கவும், மாடு மேய்க்கவும், மகுவாப் பூப் பொறுக்கவும் தடைகள் வந்தன. இதை எதிர்த்த மனுதாரர்களோடு பிர்சாவும் நடந்தார். ஆனால் மனுக்களின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாது போயிற்று.

1895இல் இருபது வயதுகூட நிறையாத பிர்சா, தமக்குக் கடவுளின் அழைப்பு வந்ததாகக் கூறினார். சால்காட் ஊரை நோக்கி மக்கள் திரள் திரளாக வரலாயினர். நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்குகிறார் என்ற செய்தி பரவியது. பலியிட வேண்டாம், பேய்க்கும் சூனியத்துக்கும் அஞ்ச வேண்டாம், குடிக்க வேண்டாம், ஒரே கடவுளை வணங்குங்கள், உடலையும் உடையையும் சுத்தமாக வைத்திருங்கள் என்று அவர் போதித்தார். மிஷன் பள்ளியில் கேட்ட வேதாகமமும், வைணவரிடம் கற்றதும், முன்னோரின் சிங்போங்கா வழிபாடும் அவர் போதனையில் ஒன்றாகக் கலந்திருந்தன. மக்கள் அவரைத் தர்த்தி ஆபா, அதாவது மண்ணின் தந்தை, என்று அழைத்தனர். அவர் வழியைப் பின்பற்றும் பிர்சாயத்துகள் என்ற சிறு கூட்டத்தார் இன்றும் வெள்ளை உடுத்தி, வியாழக்கிழமையைத் திருநாளாகக் காத்து வருகின்றனர்.

பக்தியோடு நின்றிருந்தால் அரசு அவரைக் கண்டுகொண்டிராது. ஆனால் இது எங்கள் நாடு, இனி வாரம் செலுத்தத் தேவையில்லை என்று அவர் சொல்லத் தொடங்கியதும் போலீசார் விழித்துக் கொண்டனர். 1895 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில், உறங்கிக் கொண்டிருந்தவரைப் பிடித்தனர். இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை. அவர் ஹசாரிபாக் சிறையில் இருந்த காலத்தில் வெளியே கொடிய பஞ்சம் வந்தது. விடுதலையாகி வந்தவர் பழைய பிர்சா அல்லர். முன்பு மருந்தும் மந்திரமும் பேசியவர் இப்போது காட்டுக்குள் இரவுக் கூட்டங்கள் நடத்தினார். டோம்பாரி மலை மேல் ஆண்களும் பெண்களும் கூடினர். இதற்கு அவர்கள் வைத்த பெயர் உல்குலான். பெருங்கொந்தளிப்பு என்று தமிழில் சொல்லலாம். வெள்ளையரின் குண்டுகள் தண்ணீராகி விடும் என்றும் அங்கே நம்ப வைக்கப்பட்டார்கள். இதை நம்மால் ஏற்க முடியவில்லை. அந்த நம்பிக்கையோடு வில்லேந்தி நின்றவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை!

24-12-1899. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. குந்தி, தமார் முதலிய பகுதிகளில் ஒரே நேரத்தில் தீயும் அம்பும் கிளம்பின. முர்ஹூவில் இருந்த ஆங்கிலிக்கன் மிஷனும், சர்வாடாவில் இருந்த நம் கத்தோலிக்க மிஷனும் தாக்கப்பட்டன. சர்வாடாவில் அப்போது அருட்தந்தை ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியக் குரு இருந்தார். அங்கிருந்த குருக்களை நோக்கியும் அம்புகள் பறந்தன.

எங்கள் கேள்விக்கு இவ்விடத்தில்தான் பதில் கிடைத்தது. பிர்சாவின் ஆட்களுக்கு அந்த நேரத்தில் போதகர், கலெக்டர், போலீஸ் அதிகாரி என்ற வேறுபாடு தெரியவில்லை. தொப்பி அணிந்த வெள்ளையர் எல்லோரும் ஒரே கூட்டம் என்று எண்ணினர். 1895இல் பிர்சாவைப் பிடிக்கச் சென்ற போலீஸ் அதிகாரியோடு ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரும் உடன் சென்றார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். லீவன்ஸ் சுவாமியைப் போன்றவர்கள் நீதிமன்றப் படியேறியதும் உண்மை. வேறு சிலர் அரசின் பக்கம் நின்றதும் உண்மை. ஆனாலும் அம்புபட்டவர்களுள் முண்டாக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்களும் அதே நிலத்தை இழந்த ஏழைகள்தாமே? அவர்களை எய்தது நியாயம் என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

புத்தாண்டு பிறந்ததும் போராட்டம் போலீசாரை நோக்கித் திரும்பியது. பிர்சாவின் வலக்கை போன்றவர் கயா முண்டா. அவரை எட்கேடி என்ற ஊரில் 1900 ஜனவரி 6ஆம் நாள் டெபுடி கமிஷனரின் படை சூழ்ந்து கொண்டது. கயா வெளியே வர மறுத்தார். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அப்போது கயாவோடு அவர் மனைவி மாக்கியும், மகள்களும், மருமகள்களும் கோடரியும் தடியும் வாளும் ஏந்தி வெளியே வந்தனர். துப்பாக்கிகளுக்கு எதிரே அப்பெண்கள் விடாமல் போரிட்டார்கள். கயா முண்டா கொல்லப்பட்டார். மாக்கிக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜான்சி ராணியை அறியாத சிறுமி நம் பள்ளியில் இல்லை. மாக்கியை அறிந்தவர் யார்? எங்கள் நூலகத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அடுத்த நாள் குந்தி காவல் நிலையம் தாக்கப்பட்டு, காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். ஜனவரி 9ஆம் தேதி சைல் ரகாப் குன்றின் மேல் கூடியிருந்த மக்களைப் படை சூழ்ந்து சுட்டது. குண்டுகள் தண்ணீர் ஆகவில்லை. மாண்டவர்களில் பெண்களும் குழந்தையும் இருந்தனர். எத்தனை பேர் என்பதில், அரசு சொன்ன தொகைக்கும் மக்கள் சொல்லும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிர்சா தப்பிச் சென்றார். அவர் தலைக்கு 500 ரூபாய் வெகுமதி அறிவிக்கப்பட்டது. அந்நாளில் அது பெருந்தொகை. 1900 பிப்ரவரி 3ஆம் நாள் சக்ரதர்பூர்ப் பக்கத்துக் காட்டில் உறங்கிக் கொண்டிருந்தவரைக் காட்டிக் கொடுத்து விட்டனர். இரண்டு முறையும் தூக்கத்திலேயே பிடிபட்டார் என்பது எங்கள் மனத்தை உறுத்தியது. விழித்திருக்கையில் அவரை நெருங்க யாருக்கும் துணிவில்லை போலும்! கை விலங்கோடு காவலர்க்கிடையே அவர் நிற்கும் புகைப்படம் உண்டு. மெலிந்த உடல், தலைப்பாகை, நேரே பார்க்கும் கண்கள். நம் அண்ணன்மார்களில் ஒருவரைப் போல இருக்கிறார்.

வழக்கு முடியுமுன்பே 9-6-1900 அன்று ராஞ்சிச் சிறையில் பிர்சா இறந்தார். காலரா என்றது அரசு. விஷம் என்றார்கள் மக்கள். வயது 24. அவர் சமாதி ராஞ்சி கோக்கர் பகுதியில் இருக்கிறது.

சர்வாடாவில் அம்புக்குத் தப்பிய ஹாஃப்மன் சுவாமி என்ன செய்தார் தெரியுமா? அந்த மக்களை விட்டு ஓடிவிடவில்லை. இவர்கள் ஏன் எய்தார்கள் என்று கேட்டு, அதற்கு விடையாக முண்டாக்களின் நில முறையை ஊர் ஊராக ஆராய்ந்தார். லிஸ்டர் என்ற அதிகாரியோடு சேர்ந்து அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அரசும் உல்குலானால் அஞ்சியிருந்தது. 1902 முதல் நிலங்கள் அளக்கப்பட்டன. 1908இல் சோட்டா நாகபுரி நிலக் குத்தகைச் சட்டம் பிறந்தது. குந்த்கட்டி உரிமையைக் காகிதத்தில் ஏற்றுக்கொண்ட சட்டம் அது. பழங்குடியினரின் நிலத்தைப் பிறருக்கு மாற்றுவதற்கு அதன் 46ஆம் பிரிவு இன்றும் தடையாக நிற்கிறது. கூலியில்லாக் கட்டாய வேலையும் ஒழிந்தது. அம்பெய்தவர்களும் அம்புக்கு இலக்கானவரும் ஒரே சட்டத்துக்குக் காரணமானார்கள் என்பது இப்படித் தேடாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இராது.

1909இல் ஹாஃப்மன் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கி, வட்டிக்கடைகளிலிருந்து மக்களை மீட்க முயன்றார். முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்ற காரணத்தால் 1915இல் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார். ஜெர்மனியில் இருந்தபடியே முண்டாரிக் கலைக்களஞ்சியத்தை எழுதி வந்தார். பல தொகுதிகளாக விரிந்த அந்நூல் 1928இல் அவர் இறந்த பின்னரே அச்சாயிற்று.

பிர்சா பிறந்த நவம்பர் 15ஆம் நாளிலேயே 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் தனி மாநிலமாயிற்று. 2021 முதல் அந்நாள் நாடெங்கும் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் உயிர் நீத்த பழைய சிறை இப்போது அருங்காட்சியகம். மாலைகளும் சிலைகளும் ஒருபுறம் இருக்க, நிலச் சட்டம் பலமுறை ஆபத்துக்குள்ளாகியிருக்கிறது. 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். அப்போது ஜார்க்கண்ட் ஆளுநராயிருந்த திரௌபதி முர்மு அம்மையார் 2017இல் அம்மசோதாவைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். சந்தால் பழங்குடியில் பிறந்த அவர் குடியரசுத் தலைவரான பின் 2022இல் உலிஹாத்துக்குச் சென்று பிர்சாவுக்கு அஞ்சலி செலுத்தினார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் பங்குக் கோவில் குடிலருகே, கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பெண் ஒருவர் குழந்தையோடு அமர்ந்திருந்தார். ஆவடி மத்திய ரிசர்வ் போலீஸ் குடியிருப்பில் வளர்ந்த எங்கள் தோழிக்கு இந்தி தெரியும். அவள் மூலம் விசாரித்தோம். குந்திப் பக்கம் என்றார். பாடநூலைக் கொண்டு வந்து காட்டினோம். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்ததும் பெயரைச் சொல்லி விட்டார். ஊரில் நிலம் இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது, மாமனாரின் கல்லும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் மழையை நம்பி ஒரே போகம், அறுவடை முடிந்ததும் புறப்பட்டு வந்து விடுவோம் என்றார். எப்போது திரும்புவீர்கள் என்றதற்கு, சால மரம் பூக்கும்போது என்று சொல்லிக் குழந்தையை இடுப்பில் எடுத்துக் கொண்டார்.